மூடிக்குள் ஒரு வெஞ்சனக் குழி

மூடிக்குள் என்ன இருக்கப்போகிறது என்று முடிவு செய்துவிட்டுத்தான் மூடியை வரைய உட்கார வேண்டும். கடைகளில் விற்கிற பல தண்ணீர் பாட்டில்களில் இந்த வரிசை தலைகீழாக நடந்திருக்கிறது. மூடியில் கொஞ்சம் இடம் மிஞ்சியிருக்கும். அதன் மேல் ஒரு தட்டை மூடியைப் பொருத்தி, 'எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்' என்று அட்டையில் அச்சடித்திருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் யாரும் எதையும் வைப்பதில்லை. வாங்கிய புதிதில் திறந்து பார்ப்பார்கள். பிறகு அதில் பாசி படிந்து வாடை வரும்போதுதான் அப்படி ஓர் அறை இருப்பதே நினைவுக்கு வரும்.

பாத்திரப் பட்டறை வைத்திருப்பவர்களும் பிளாஸ்டிக் வார்ப்பில் இறங்க நினைக்கும் சுய உதவிக் குழுக்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் இந்த அத்தியாயத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். எடுத்துக்காட்டுக்கு வெகுதூரம் போகவில்லை. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை வட்டாரத்துக் கரிசல்காட்டு வேலையாட்கள் கையில் தூக்கிப் போகும் தூக்குச்சட்டியே நமக்குப் பாடம்.

காட்டுக்குப் போகும் தூக்குச்சட்டி

களையெடுப்புக்கோ பருத்தி எடுப்புக்கோ போகிறவர் கையில் இருக்கும் எவர்சில்வர் தூக்கை ஒருமுறை உற்றுப் பாருங்கள். உள்ளே கரைத்த கம்மங்கஞ்சியோ சோளக்கஞ்சியோ நீராகாரமோ இருக்கும். குழிந்த மூடியைத் திருப்பிப் பிடித்தால் அது ஒரு சின்னத் தட்டு. அதில்தான் வெஞ்சனம்: நாலைந்து சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், உருண்டையாகத் திரட்டிய துவையல், இல்லாவிட்டால் வறுத்த மோர்மிளகாய். சில தூக்குகளில் அந்தக் குழிக்கு மேல் இன்னொரு சிறு மூடியும் உண்டு. மத்தியானம் வேப்பமர நிழலில் உட்கார்ந்ததும் முதலில் வெஞ்சனம் வெளியே வரும், அப்புறம்தான் கஞ்சி. கஞ்சியை மூடியில் ஊற்றிக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்த மூடி எதையெல்லாம் சரியாகச் செய்கிறது என்று கணக்கெடுத்தால் பாதி வடிவமைப்பு முடிந்துவிடும். உள்ளே போகும் பொருள் இன்னது என்று தெரியும். அது குடிக்கிற பொருளோடு சேர்த்துச் சாப்பிடுவது என்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டியிருப்பது குறையில்லை. குழி அகலமாக, ஆழம் குறைவாக இருப்பதால் விரலால் வழித்துச் சாப்பிடலாம். சாப்பிட்டபின் ஒரு கை தண்ணீரில் கழுவியும் விடலாம். கழற்றிக் கீழே வைத்தால் தொலைந்துபோகிற சின்ன உதிரி எதுவும் அதில் கிடையாது. தூக்கை மரக்கிளையில் மாட்டும்போது எறும்புக்கும் நாய்க்கும் எட்டாது. கைப்பிடிக் கம்பி மூடியின் மேல் அழுந்தி நிற்கும்படி செய்த தூக்கென்றால், மாட்டி வைத்த பாரத்திலேயே மூடி இறுகிக்கொள்ளும்.

செய்யாதது ஒன்றுதான்: ஈரத்தையும் ஆவியையும் தடுக்காது. துவையலுக்கு அது பெரிய விஷயமில்லை. மாத்திரைக்குப் பெரிய விஷயம்.

உள்ளே போவது எது

கரிசல் பக்கம் இன்று காட்டுவேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போகிறவர்களில் வயதானவர்கள் அதிகம். பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடாதவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது; அதைக் காட்டுக்குக் கொண்டுபோகத்தான் நல்ல வழி இல்லை. முந்தானை முடிச்சில் வைத்தால் வியர்வையில் நனையும், சுருக்குப் பையில் போட்டால் வெற்றிலை பாக்கோடு கிடந்து நசுங்கும். குடிதண்ணீரும் மாத்திரையும் ஒரே கையில் இருந்தால் மத்தியானச் சாப்பாட்டோடு மறக்காமல் போட்டுக்கொள்வார்கள். மூடிக்குள் அறை வைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

மாத்திரைக்கான அறையை மாத்திரையின் அளவுக்குச் செய்யக் கூடாது, அட்டைத் துண்டின் அளவுக்குச் செய்ய வேண்டும். மாத்திரையைப் பிதுக்கி எடுத்து வெறுமனே போட்டுவைத்தால் ஈரம் பட்டு உதிரும். எது பிரஷருக்கு, எது சுகருக்கு என்பதும் தெரியாமல் போகும். அட்டையிலிருந்து அன்றைக்கு வேண்டியதை மட்டும், உறை கிழியாமல் கத்தரித்து வைப்பதுதான் முறை. பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பகுதி வீட்டில் உள்ள அட்டையிலேயே இருக்கட்டும். கத்தரித்த ஓரங்கள் கூராக இருக்கும். அறை இறுக்கமாக இருந்தால் அந்த ஓரம் கேஸ்கட்டைக் கிழித்துவிடும், எடுக்கிற விரலையும் குத்தும். ஆகவே இரண்டு மாத்திரை அடங்கிய ஒரு துண்டைத் தட்டையாகப் போட்டு, சுற்றிலும் ஒரு விரல் நுழைய இடம் விடுங்கள். உயரம் 12 மி.மீ. இருந்தால் போதும்.

மருந்து உறைகளில் பெரும்பாலும் '30 டிகிரிக்குக் கீழே வைக்கவும்' என்றுதான் இருக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் கரிசல்காட்டில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். ஒரு வேளை மாத்திரை ஒரு பகல் பொழுது சூட்டில் இருப்பதும் ஒரு மாத மாத்திரை மூடிக்குள்ளேயே கிடப்பதும் ஒன்றல்ல. அதனால் அறையைச் சிறியதாகச் செய்வதே பாதுகாப்பு. பெரிய அறை கொடுத்தால் முழு அட்டையையும் அதிலேயே வைத்துவிடுவார்கள். இன்சுலினுக்கு மூடியில் இடம் கொடுக்கும் எண்ணமே வேண்டாம். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரைகள் சூடும் ஈரமும் பட்டால் வீரியம் குறையக்கூடியவை. அவற்றை டாக்டர் சொல்கிறபடி தனியாக வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது ஓ.ஆர்.எஸ். பொட்டலம். வெயிலில் குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு உப்பும் தண்ணீரும் சேர்ந்து வெளியேறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 20.5 கிராம் பொடி: குளுக்கோஸ் 13.5, சாதாரண உப்பு 2.6, சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. இந்த அளவு தண்ணீரோடு சரியாகப் பொருந்த வேண்டும். ஒரு லிட்டர் பொடியை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் உப்பு இரட்டிப்பாகிவிடும். குழந்தைகளுக்கு அது ஆபத்து. மூடியில் பொட்டலம் வைக்க இடம் கொடுக்கிற வடிவமைப்பாளர் அளவுக்கோட்டையும் சேர்த்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஒரு லிட்டர் பொட்டலம் அகலமானது. மூடியில் தட்டையாகப் படுக்காது, மடித்துத் திணித்தால் மடிப்பில் விரிசல் விட்டுப் பொடி கட்டிபிடிக்கும். கடைகளில் 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் கிடைக்கிறது. அதை எடுத்துக்கொண்டு மூடியையே டம்ளராக்குங்கள். உள்விட்டம் 75 மி.மீ., உயரம் 50 மி.மீ. என்று வைத்தால் மூடி சுமார் 220 மில்லி பிடிக்கும். அடியிலிருந்து 45 மி.மீ. உயரத்தில் உட்புறமாக ஒரு வரை அமுக்கிவிட்டால் அதுதான் 200 மில்லி. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பொட்டலத்தைக் கொட்டி வரைவரை தண்ணீர் ஊற்றினால் கலவை சரியாக இருக்கும். அச்சடித்த கோடு சாம்பலும் கம்பிநாரும் பட்டு ஒரு வருஷத்தில் அழிந்துவிடும். தகட்டிலேயே அமுக்கிய வரைதான் நிற்கும். சிறு பொட்டலம் டம்ளரின் உட்சுவரை ஒட்டி வளைந்து உட்காரும், மடிக்கத் தேவையில்லை. கலந்த தண்ணீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதையும், பிரஷர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு குடிக்க வேண்டும் என்பதையும் விற்கும்போது வாயால் சொல்லுங்கள். துண்டுச்சீட்டில் எழுதினால் அது அடுப்புக்குப் போகும்.

காசு வைக்க அறை கேட்பார்கள். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாகிவிட்டதால் இந்தத் தேவை முன்பைவிடக் குறைந்திருக்கிறது. ஷேர் ஆட்டோவுக்கும் டீக்கும் மட்டும் சில்லறை வேண்டும். பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. அகலம், 7.71 கிராம் எடை. பத்து நாணயம் போட்டால் மூடி 77 கிராம் கூடிவிடும். பாதி காலியான பாட்டில் தலை கனத்துச் சாய்வதற்கு அது போதும். மேலும் காசு எத்தனையோ கை மாறி வருவது. உணவோ மாத்திரையோ வைக்கும் அறையில் காசையும் வைக்க விடக் கூடாது. காசுக்கு முந்தானையே போதும் என்பது என் கருத்து.

கடலை மிட்டாய் வைக்க விரும்புவார்கள். 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டியில் அந்த ஆசை நியாயமானதுதான், வேலைக்கு நடுவே ஒரு துண்டு மென்றால் தெம்பும் வரும். ஆனால் வெல்லப்பாகு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். சூடான டீக்கு மேல் இருக்கும் எவர்சில்வர் குழியில் அரைமணி நேரம் வைத்தால் கையோடு ஒட்டும், எறும்பையும் அழைக்கும். குளிர்ந்த தண்ணீருக்கான பாட்டிலில் மட்டும் அதற்கு இடம் கொடுங்கள்.

குழியை எங்கே வைப்பது

மூடிக்கு மேலே திறக்கிற குழி, மூடிக்கு அடியில் தொங்குகிற கிண்ணம், உள்மூடிக்கும் அதைக் கவிழ்த்து மூடும் டம்ளருக்கும் நடுவே கிடைக்கிற வெற்றிடம் என்று பார்த்தால், மூன்றாவது நம்மிடம் ரொம்பக் காலமாகவே இருக்கிறது. ரயில் பிரயாணத்துக்குக் கொண்டுபோன திருகுமூடிக் கூஜாக்களில் டம்ளர் மேலே கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும். 1892-ல் ஜேம்ஸ் டீவார் வெற்றிடக் குடுவையைக் கண்டுபிடித்தார், 1904-ல் ஜெர்மனியில் அது தெர்மாஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நம் வீட்டு பிளாஸ்கின் மூடியும் டம்ளர்தான். டம்ளருக்குள் இருக்கிற அந்த வெறும் இடத்தை யாரும் பயன்படுத்திக்கொள்வதில்லை. கூடுதல் டை இல்லாமல், கூடுதல் உதிரி இல்லாமல், ஒரு தட்டை டப்பாவை அங்கே உட்கார வைத்துவிடலாம். கீழே சூடான டீ இருந்தாலும் நடுவில் காற்று இருப்பதால் டப்பா அதிகம் சூடாகாது. முதன்முதலாக மூடி செய்கிறவர்கள் இதிலிருந்தே தொடங்குங்கள்.

மேலே திறக்கிற குழி, தண்ணீரைத் திறக்காமலே மாத்திரையை எடுக்க வசதி. காட்டில் புழுதி பறக்கிற நேரத்தில் குடிநீரைத் திறக்க வேண்டியதில்லை. குழியின் அடித்தகடும் பாட்டிலின் மேற்தகடும் ஒன்றாக இருந்தால் சூடு நேராக ஏறும். சூடான பானத்துக்கென்றால் இரட்டைத் தகடு போட்டு நடுவில் 4, 5 மி.மீ. காற்று விடுங்கள்.

அடியில் தொங்குகிற கிண்ணத்தை நான் பரிந்துரைப்பதில்லை. பாட்டில் சாய்ந்தால் கிண்ணம் முழுதும் தண்ணீரில் மூழ்கும்; ஒரு கேஸ்கட் தேய்ந்தாலும் ஊறுகாய் எண்ணெய் குடிதண்ணீரில் மிதக்கும். மூடியைக் கழற்றிக் கீழே வைக்கும்போது கிண்ணம் மண்ணில் படும்.

பொருளைக் கழுத்திலேயே வைத்துக்கொண்ட ஒரு பாட்டில் நமக்கெல்லாம் தெரியும்: கோலி சோடா. 1872-ல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை எடுத்த வடிவம் அது. வாயில் ஒரு ரப்பர் வளையம், அதன் மேல் உள்ளிருந்து வாயு அழுத்திப் பிடிக்கும் ஒரு கோலி. காலி பாட்டில் கிடைத்தால் கழுத்தைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு அமுக்குக் குழிகள் உள்நோக்கித் துருத்தி நிற்கும். அந்தப் பக்கம் கீழே வரும்படி சாய்த்தால் கோலி துருத்தலில் தட்டி நின்றுகொள்ளும், சோடா தடையில்லாமல் வரும். மறுபக்கமாகச் சாய்த்தால் கோலி ஓடிவந்து வாயை அடைக்கும். உள்ளே இருக்கும் பொருள் ஊற்றுகிற நேரத்தில் எங்கே நிற்கும் என்பதை இவ்வளவு குறைந்த செலவில் தீர்த்த வடிவம் வேறு அதிகம் இல்லை. உங்கள் மூடிக்குள்ளும் மாத்திரைத் துண்டு உருளாமல், கடகடவென்று சத்தம் போடாமல் நிற்க, தனியாக ஒரு கிளிப் தேவையில்லை. தகட்டில் இரண்டு துருத்தல் அமுக்கினால் போதும்.

ஈரக் கரிசலும் மரையும்

நகரத்து மேசையில் வரைந்த மூடிகள் எங்கள் பக்கம் தோற்பது மரையில்தான். கோவில்பட்டியில் 1901-லிருந்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்குவதற்குக் காரணமான அதே மண்ணை மூடி செய்கிறவரும் படிக்க வேண்டும். கரிசலில் களி அதிகம். நனைந்தால் வீங்கி உள்ளங்காலில் அப்பிக்கொண்டு, நடக்க நடக்கச் செருப்புக் கனத்துக்கு ஏறும். காய்ந்தால் சுருங்கிக் கைவிடுமளவு வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் உளுந்துக்கும் பாசிக்கும் களையெடுக்கிறவர் விரலில் இருக்கும் களி, பொடி மரையில் ஒருமுறை ஏறிவிட்டால் காய்ந்து சிமெண்டாக நிற்கும். அடுத்த முறை மூடி பாதி திருகியதும் நிற்கும். இறுகிவிட்டதென்று அவர் நினைப்பார், கஞ்சி வழியெல்லாம் ஒழுகும்.

அதனால் மரையின் இடைவெளி 4 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். மரையின் உச்சியும் அடியும் உருண்டையாக இருக்கட்டும். முழுச் சுற்று மரையைவிட, மூன்று இடத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு கால் சுற்றில் பூட்டுகிற அமைப்பு இன்னும் நல்லது; இடைவெளி வழியே மண் வெளியேறிவிடும். மூடியின் வெளிவிளிம்பில் அகலமான பள்ளங்கள் வேண்டும். விரல்முட்டு வலிக்கிற வயதில் வழுவழு மூடியைத் திருக முடியாது. எதிரெதிராக இரண்டு காது வைத்துவிட்டால் இரண்டு விரலாலேயே திருகலாம்.

கோடையில் வேறு தொந்தரவு. வெடிப்பில் விழுந்த பொருள் திரும்பக் கிடைக்காது. கை எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். அறையின் சிறு மூடி தனியாகக் கழன்று வருமானால் அது ஒருநாள் வெடிப்புக்குள்தான் போகும். ஆனி, ஆடியில் கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று, லேசான பிளாஸ்டிக் மூடியைக் கையிலிருந்து பறித்துக்கொண்டு அடுத்த புஞ்சையில் போடும். சிறு மூடியை எப்போதும் பெரிய மூடியோடு இணைத்தே வையுங்கள். பாலிப்ரொப்பிலீனில் வார்ப்பதாக இருந்தால் மூடியையும் கீலையும் ஒரே துண்டாக வார்க்கலாம். கீல் வருமிடத்தில் 0.3 மி.மீ. அளவுக்கு மெலிதாக்கினால் அந்தப் பிளாஸ்டிக் ஆயிரக்கணக்கில் மடங்கினாலும் தாங்கும். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்த்த மாலில் இது நடக்காது, சீக்கிரம் ஒடியும். எவர்சில்வரில் கம்பிக்கீல் வைப்பதானால் கீலுக்குள் துணி நூலும் தலைமுடியும் சிக்காத அளவுக்கு மூடிய சுருளாக இருக்கட்டும்.

தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்களுக்கும் இதே தூக்குத்தான். அங்கே மண்ணுக்குப் பதில் மருந்துத் தூள். பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் கலந்த தூசு கையிலும் உடையிலும் இருக்கும். மூடியின் வெளிப்பக்கத்தில் தூசு தங்குகிற வரிப்பள்ளம், எழுத்து, பூவேலை எதுவும் வேண்டாம். வெஞ்சனக் குழிக்கு மேல்மூடி கட்டாயம், அதன் விளிம்பு வெளிப்பக்கமாக இறங்கி மூட வேண்டும். தூக்கை வேலை நடக்கிற கொட்டகைக்கு வெளியே வைப்பது எப்படியும் நல்லது.

உலோகமும் பிளாஸ்டிக்கும்

ஈரமான வெஞ்சனம் என்றால் எவர்சில்வர், காய்ந்த பொருள் என்றால் பாலிப்ரொப்பிலீன் என்று வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் குழியில் ஊறுகாய் வைத்தால் எண்ணெயும் மஞ்சளும் ஊறி, எவ்வளவு கழுவினாலும் வாடை போகாது. அலுமினியத்தை மோரும் புளிச்ச கஞ்சியும் அரிக்கும். பித்தளை என்றால் ஈயம் பூசியாக வேண்டும், பூச இன்று ஆள் கிடைப்பதே அரிது.

எவர்சில்வரிலும் ரகம் உண்டு. 304 என்ற ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் சேர்ந்திருக்கும். 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்ப்பார்கள், விலை குறைவு. உப்பும் புளிப்பும் நாளெல்லாம் ஒரே இடத்தில் தங்கும் வெஞ்சனக் குழியில்தான் 202 முதலில் புள்ளி புள்ளியாக அரிபடும். ஆகவே சட்டி எந்தத் தகடாக இருந்தாலும் மூடியை 304-ல் செய்யுங்கள். மூடிக்குப் போகிற தகடு கொஞ்சம்தான், விலையில் பெரிய வித்தியாசம் வராது. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல தகடு என்று பஜாரில் சொல்வார்கள். இரண்டு ரகத்திலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. நல்ல 304-கூட அமுக்கி வளைத்த இடத்தில் லேசாக இழுக்கும். தகடு வாங்கும்போது பில்லில் ரகத்தை எழுதி வாங்குவதும், ஆலைச் சான்றிதழ் கேட்பதும்தான் வழி. குடிநீர் பாட்டிலாக விற்கப்போகிறீர்கள் என்றால் ஐ.எஸ். 17803 தரத்தையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குழியின் உள்மூலைகள் 6 மி.மீ.க்குக் குறையாமல் உருண்டிருக்க வேண்டும். சுண்டுவிரல் நுனி புகாத மூலையில் துவையல் தங்கும், மறுநாள் பூசணம் பிடிக்கும். வீட்டில் பாத்திரம் கழுவுகிறவரிடம் ஒரு புது மூடியைக் கொடுத்துப் பாருங்கள், "இதைக் கழுவுறது எப்படி?" என்றுதான் முதலில் கேட்பார். அந்தக் கேள்விக்கு மூடியே பதில் சொல்ல வேண்டும். சரிவான சுவர், உருண்ட மூலை, கையால் கழற்ற முடிகிற கேஸ்கட்.

கேஸ்கட்டுக்குச் சிலிக்கோன்தான் சரி. குக்கர் கேஸ்கட் மாற்றிப் பழகிய நம் வீடுகளில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 3 மி.மீ. கனமுள்ள வளையம் மூடியபின் 2.4 மி.மீ. அளவுக்கு அமுங்கினால் ஒழுகாது, திறக்கவும் கஷ்டம் இருக்காது. அதைவிட அமுக்கினால் வயதானவர்களால் திறக்க முடியாது. பானத்துக்கு ஒன்று, அறைக்கு ஒன்று என்று இரண்டு வளையம் தனித்தனியாக இருக்கட்டும். ஒரே வளையத்தை இரண்டுக்கும் பொதுவாக வைத்தால், வெஞ்சனம் எடுக்கத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் தண்ணீர் மூடியும் தளரும். சூடான பானத்தை ஊற்றி உடனே இறுக்கி மூடினால், ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி மூடி கவ்விக்கொள்ளும். உள்மூடியில் ஊசித் துளையும் அதை அடைக்கச் சிறு சிலிக்கோன் குமிழும் வைத்து, குமிழை மூடியோடு இணைத்துவிட்டால் அந்தச் சிரமம் இல்லை. கேஸ்கட் ஒவ்வொன்றிலும் உதிரி ஒன்றைப் பாட்டிலோடு சேர்த்தே விற்றுவிடுங்கள். அளவு தெரியாமல் ஊர் ஊராகத் தேட வைத்தால் நல்ல பாட்டிலும் பரணுக்குப் போய்விடும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கான பாட்டில் என்றால் கூடுதலாக ஒரு விதி. 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுசாக நுழைகிற எந்த உதிரியும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையில் சிக்கலாம் என்பது பொம்மைகளுக்கு உலகமெங்கும் கடைப்பிடிக்கிற அளவு. பெரிய பிள்ளையின் பாட்டிலை வீட்டுச் சின்னக் குழந்தை எடுக்கும் என்பதால் அந்த அளவையே நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட குமிழும் மூடியும் இழுத்தாலும் கையோடு வரக் கூடாது. பிள்ளைகள் பாட்டிலில் மாத்திரை அறையே வேண்டாம்.

டை வெட்டுவதற்கு முன்

டைக்கு முன்பணம் கொடுத்துவிட்டால் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் செலவுதான். அதற்கு முன் கடையில் கிடைக்கிற தூக்கையும் சின்ன எவர்சில்வர் டப்பாவையும் வாங்கி, பட்டறையில் பற்றவைத்து மாதிரி ஒன்று செய்துகொள்ளுங்கள். பார்வைக்கு அழகில்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஆவி புகுகிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பொரித்த அப்பளத்தில் ஒரு துண்டு ஒடித்து அறைக்குள் வையுங்கள். பாட்டிலில் சூடான தண்ணீர் நிரப்பி ராத்திரி முழுக்க நிறுத்திவைத்துக் காலையில் எடுத்து ஒடியுங்கள். மொறுமொறுவென்று ஒடிந்தால் மாத்திரைக்கும் அந்த அறை ஆகும்; நமுத்திருந்தால் கேஸ்கட்டையோ குழியின் விளிம்பையோ திருத்த வேண்டும். ஒழுக்கைப் பார்க்க, அறையில் செய்தித்தாள் துண்டு போட்டுப் பாட்டிலை ஒரு மணி நேரம் கவிழ்த்து வையுங்கள், பிறகு அதே அளவு நேரம் படுக்கப்போடுங்கள். கவிழ்த்ததில் தப்பித்த பாட்டில் படுக்கையில் ஒழுகுவதுண்டு. தண்ணீர் நிரம்பிய மாதிரியை இடுப்பு உயரத்திலிருந்து களத்துமேட்டுக் கெட்டித் தரையில் போடுங்கள். மூடி முதலில் படும்படியும், பக்கவாட்டில் படும்படியும். தகடு நெளியலாம். கீல் விடக் கூடாது, மூடி தானாகத் திறக்கக் கூடாது.

கடைசிச் சோதனைக்கு ஈரக் கரிசல் வேண்டும். உள்ளங்கையில் களியை அப்பிக்கொண்டு, கழுவாமல், மூடியைத் திறந்து மூடுங்கள். அந்த மண் காயட்டும். மறுநாள் அப்படியே திறக்க வருகிறதா என்று பாருங்கள். கோடையில் செய்கிற பட்டறைக்காரர்கள் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவார்கள். கண்மாய்க் களியைக் கரைத்தாவது செய்துவிடுங்கள்.

இவ்வளவும் தேறிய மாதிரிகளைக் காட்டுவேலைக்குப் போகும் நாலைந்து பேரிடம் ஒரு வாரம் கொடுத்துவிட்டு, எப்படித் திறப்பது என்று சொல்லாமல் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்தக் கையால் பிடிக்கிறார்கள், சிறு மூடியைத் தூக்குகிறார்களா திருகுகிறார்களா, திறந்த மூடியை மடியில் வைக்கிறார்களா தரையில் வைக்கிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். வாரக் கடைசியில் மூடியைத் திரும்ப வாங்கி, குழியின் மூலையை விரலால் தடவுங்கள். பிசுக்கு இருந்தால் அந்த மூலையை இன்னும் உருட்ட வேண்டும். நீங்கள் மாத்திரைக்கென்று செய்த அறையில் பாக்கோ சேப்டி பின்னோ இருந்தால், அதன் அளவையும் எடுத்து எழுதிக்கொண்டு, டைக்கான வரைபடத்தை அதற்கப்புறம் போடுங்கள்.